தண்ணீரைத் தொடாமல் தண்ணீரை அளக்கலாம்: ஒரு வெப் கேமரா போதும்!

உங்கள் கம்ப்யூட்டரோடு வந்த மவுஸைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா? அப்படியானால் அது ஆப்டிகல் மவுஸ். அந்த விளக்குக்குப் பக்கத்தில் ஒரு குட்டி கேமரா இருக்கிறது. விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அது எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மேஜையின் சொரசொரப்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று உள்ளே இருக்கும் சிப் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கின் விடைதான் திரையில் அம்புக்குறியாக நகர்கிறது.

அதே மவுஸை நன்றாகத் துடைத்த கண்ணாடி மேஜை மீது வைத்து நகர்த்துங்கள். அம்புக்குறி தடுமாறும், சில மவுஸ்களில் நகரவே நகராது. ஒளியின் பெரும் பகுதி கண்ணாடிக்குள் புகுந்து போய்விடுகிறது. திரும்பும் கொஞ்ச ஒளியும் முகம் பார்க்கும் கண்ணாடியில் படுவதுபோல் ஒரே திசையில் தெறித்து ஓடிவிடுகிறது. கேமரா பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. 2009-ல் லாஜிடெக் நிறுவனம் கண்ணாடியிலும் ஓடும் 'டார்க்ஃபீல்டு' மவுஸை வெளியிட்டது. அதுகூடக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. கண்ணாடி மேல் இருக்கும் நுண்ணிய தூசியையும் கீறலையும் பார்த்துத்தான் ஓடுகிறது.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் தண்ணீர் பற்றிய கட்டுரைக்கு எதற்கு மவுஸ் என்று நினைக்கிறீர்களா? தெளிந்த தண்ணீரும் ஒளிக்கு இந்தக் கண்ணாடி மேஜை போலத்தான். இதைப் புரிந்துகொண்டால், தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

மலையில் ஏன் இந்தக் கவலை?

நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தாலும் சொந்த ஊர் குன்னூர். 'நீலகிரியில் மழைக்கு என்ன பஞ்சம்?' என்று ஆபீஸ் நண்பர்கள் கேட்பார்கள். மழை நிறையத்தான் பெய்கிறது. 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் மட்டும் 82 செ.மீ. மழை கொட்டியது. ஆனால் மலையில் பெய்யும் மழை நிற்காமல் சரிவில் இறங்கிப் போய்விடும். குன்னூர் நகரத்துக்கு முக்கிய ஆதாரம் 43.7 அடி கொள்ளளவுள்ள ரேலியா அணை. கோடையில் அது இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் வரும் நாட்களுக்கு இடையே இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

தண்ணீர் விடும் நாளில் தொட்டி நிரம்பியதா என்று தெரிய வேண்டும். மற்ற நாட்களில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும். எங்கள் ஊரில் பல வீடுகளில் தொட்டி தகரக் கூரைக்கு மேலேயோ, வீட்டுக்குப் பின்னால் மேட்டிலேயோ இருக்கும். மஞ்சு மூடிய காலையில், பாசி பிடித்த படியில் ஏறி, மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பதுதான் வழக்கமான அளவுமுறை. என் அத்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர் அந்தப் படியில் ஏறாமலிருக்க வழி தேட ஆரம்பித்தபோதுதான் இந்த விஷயத்துக்குள் வந்தேன்.

முதலில் ஒலி

எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் 'தண்ணீரில் படாமல் அளக்கும் சென்ஸார் வேண்டும்' என்று கேட்டால் பெரும்பாலும் அல்ட்ராசானிக் சென்ஸாரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். விலை குறைவு. வௌவால் போல் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கும். சமவெளியில் நன்றாகவே வேலை செய்யும்.

மலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறும். 5 டிகிரி செல்சியஸில் ஒலி விநாடிக்குச் சுமார் 334 மீட்டர் போகும். 20 டிகிரியில் சுமார் 343 மீட்டர். ஊட்டியில் குளிர்கால விடியலுக்கும் அன்றைய மதியத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் சாதாரணம். புரோகிராமில் 343 என்று எழுதி வைத்திருந்தால், 120 செ.மீ. தூரத்தை விடியற்காலையில் 3 செ.மீ.க்கு மேல் கூட்டிச் சொல்லும். ஒரு மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் அது சுமார் 25 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு குடம். கூடவே ஒரு வெப்பநிலை சென்ஸாரும் வைத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் தொட்டிக்குள் மூடியருகே ஒரு வெப்பமும் தண்ணீர் அருகே வேறு வெப்பமும் இருக்கும்.

ஒளிக்கு இந்தத் தொல்லை இல்லை. குளிரோ வெயிலோ, காற்றில் ஒளியின் வேகம் நம் தேவைக்கு மாறவே மாறாது.

ஒளியில் என்ன சிக்கல்?

ஒளி ஒரு நானோ செகண்டில், அதாவது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில், 30 செ.மீ. போய்விடும். உங்கள் கம்ப்யூட்டர் பிராசஸர் 3 கிகாஹெர்ட்ஸ் என்றால், அதன் ஒரு துடிப்புக்குள் ஒளி 10 செ.மீ. ஓடியிருக்கும். நீர்மட்டம் 1 செ.மீ. மாறினால் ஒளி போய்வரும் நேரம் 0.067 நானோ செகண்ட்தான் மாறும். பிராசஸரின் துடிப்பை எண்ணி இதை அளக்க முடியாது. இதற்கென்றே தனி சிப்கள் இருக்கின்றன. எஸ்டி மைக்ரோ எலெக்ட்ரானிக்ஸின் விஎல்53எல்0எக்ஸ் அவற்றில் ஒன்று. நெல்மணியை விடச் சிறியது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அனுப்பி, 2 மீட்டர் வரை தூரம் சொல்லும்.

'பிரச்சினை தீர்ந்தது, தொட்டி மூடியில் ஒட்டிவிடலாம்' என்று தோன்றும். இங்கேதான் கண்ணாடி மேஜை குறுக்கே வருகிறது. நேர் மேலிருந்து தண்ணீரில் விழும் ஒளியில் 2 சதவீதம்தான் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும். மீதி 98 சதவீதம் உள்ளே போய்விடும். திரும்பும் 2 சதவீதமும் சென்ஸாரின் கண்ணில் விழ வேண்டுமானால் தண்ணீர் ஆடாமல் இருக்க வேண்டும், சென்ஸார் துளியும் சாயாமல் இருக்க வேண்டும். உள்ளே போன அகச்சிவப்பு ஒளியையோ தண்ணீரே விழுங்கிவிடும்.

கட்டடத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் சிவப்பு லேசர் டேப்பில் வேறு விதமான வேடிக்கை. சிவப்பு ஒளி தெளிந்த நீருக்குள் இறங்கி, தொட்டியின் தரையில் பட்டுத் திரும்பிவிடும். தண்ணீருக்குள் ஒளி சுமார் 1.33 மடங்கு மெதுவாகப் போகும். 120 செ.மீ. ஆழத் தொட்டியில் பாதி தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே காற்றில் 60 செ.மீ., கீழே நீரில் 60 செ.மீ. அந்த நீரைக் கருவி 80 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளும். மொத்தம் 140 செ.மீ. என்று காட்டும். அதாவது தண்ணீர், தொட்டியின் தரைக்கும் 20 செ.மீ. கீழே இருக்கிறது என்று அர்த்தம்!

கலங்கிய நீரில் இந்தத் தொல்லை குறைவு. கட்டன் டீயையும் பால் டீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டன் டீயில் டம்ளரின் அடி தெரியும். பால் டீயில் மேற்பரப்பைத் தாண்டி எதுவும் தெரியாது. பாலில் உள்ள கொழுப்புத் துளிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. பால், பெயிண்ட் போன்றவற்றை மேலிருந்தே ஒளியால் அளந்துவிடலாம். குடிதண்ணீர் எவ்வளவு சுத்தமோ, ஒளிக்கு அவ்வளவு கஷ்டம்.

வானத்திலிருந்து அளப்பவர்களும் இதே குணத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். நாசா 2018 செப்டம்பரில் ஏவிய ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள், சுமார் 500 கி.மீ. உயரத்திலிருந்து விநாடிக்கு 10,000 முறை பச்சை லேசர் துடிப்புகளை அனுப்புகிறது. ஏரி, அணைகளின் நீர்மட்டத்தையும் அதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஆழம் குறைந்த தெளிந்த கடலில் பச்சை ஒளி தரை வரை போய்த் திரும்புவதால், ஆழம் அளக்கவும் அது பயன்படுகிறது. தண்ணீர் ஒளியை உள்ளே விடுவதையே அங்கே லாபமாக்கிக்கொண்டார்கள். ஆனால் அது ஒரே தடத்துக்குத் திரும்பி வர 91 நாட்கள் ஆகும். மேகத்தை ஊடுருவியும் பார்க்காது. அவலாஞ்சியில் 82 செ.மீ. கொட்டும் நாளில் அது உதவாது. அதனால்தான் உலகெங்கும் அணைகளில் மேகத்துக்கும் மஞ்சுக்கும் அஞ்சாத ரேடார் கருவிகளை வைக்கிறார்கள். கூடவே, கரையில் கோடு போட்ட அளவுப் பலகையை மனிதக் கண் பார்த்துக் குறிக்கும் பழைய முறையும் நடக்கிறது.

டம்ளர் சொல்லும் ரகசியம்

இப்போது ஒரு சின்னச் சோதனை. செலவு ஒன்றும் கிடையாது.

ஒரு வெள்ளைத் தாளின் இடது பாதியைக் கறுப்பாக்கிக்கொள்ளுங்கள். அதைச் சுவரில் ஒட்டுங்கள். வழவழப்பான, உருண்டையான கண்ணாடி டம்ளர் ஒன்றை அதற்கு முன்னால் பத்து, பன்னிரண்டு செ.மீ. தள்ளி வையுங்கள். தாளின் நடுக்கோடு டம்ளரின் நடுவில் தெரியும்படி நேராகப் பாருங்கள். காலி டம்ளர் வழியே இடது கறுப்பு, வலது வெள்ளை. அப்படியே தெரியும்.

இப்போது பாதி டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் இருக்கும் பகுதியில் மட்டும் நிறம் இடம் மாறிவிடும். இடது வெள்ளை, வலது கறுப்பு! மேல் பாதி பழையபடியே இருக்கும்.

உருண்டையான பாத்திரத்தில் நிற்கும் தண்ணீர் ஒரு லென்ஸ் ஆகிவிடுகிறது. பின்னால் இருப்பதை இடம், வலம் மாற்றிக் காட்டுகிறது. கொதிகலன்களின் நீர்மட்டக் கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் சாய்வான கோடுகள் போட்ட தகடு வைப்பதும் இதற்காகத்தான். தண்ணீர் இருக்கும் இடத்தில் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும். தூரத்திலிருந்தே மட்டத்தைப் படித்துவிடலாம். தண்ணீரைப் பார்ப்பதுதான் கஷ்டம். தண்ணீர் ஒளிக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பது மிகச் சுலபம். ஒரு சாதாரண வெப் கேமராவே அதைப் பார்த்துவிடும்.

செய்முறை

1. தொட்டியின் அடியில் பிளம்பரைக் கொண்டு தனியாக ஒரு துளை போட்டு, சிறிய வால்வு வைத்து, ஒரு அங்குல விட்டமுள்ள தெளிவான அக்ரிலிக் குழாயை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். தொட்டியில் எந்த உயரத்தில் தண்ணீர் இருக்கிறதோ அதே உயரத்தில் குழாயிலும் நிற்கும். குழாயின் மேல் முனை திறந்திருக்க வேண்டும். கொசு புகாமல் வலை கட்டுங்கள். வீட்டுக்குப் போகும் பைப்பிலேயே இணைத்தால், யாராவது குழாயைத் திறக்கும்போதெல்லாம் மட்டம் குறைத்துக் காட்டும்.

2. குழாயின் மையத்திலிருந்து 5 செ.மீ. பின்னால், பாதி கறுப்பு, பாதி வெள்ளை பெயிண்ட் அடித்த பலகையை நிறுத்துங்கள். பளபளப்பில்லாத பெயிண்ட் நல்லது. பலகையைக் குழாயோடு ஒட்டிவிட்டால் நிறம் இடம் மாறாது.

3. வெப் கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து, படத்தின் நீளமான பக்கம் குழாயின் நீளத்தோடு வரும்படி, குழாயின் நடு உயரத்தில் பொருத்துங்கள். சுமார் ஒன்றேகால் மீட்டர் தூரம் போதும். இவ்வளவு அருகில் மஞ்சு படத்தைக் கெடுக்காது. யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தூரம் அதிகமென்றால் பழைய ஆண்ட்ராய்டு போனையே கேமராவாக வைத்து, வைஃபை மூலம் படத்தை அனுப்பலாம். எதை வைத்தாலும் மழை படாமல் ஒரு பெட்டி தேவை.

4. இரவுக்கு ஒரு சின்ன எல்இடி விளக்கு. பலகையின் மேல் வெளிச்சம் விழட்டும். கேமராவின் கண்ணில் விழ வேண்டாம்.

இனி புரோகிராம். கம்ப்யூட்டருக்கு ஒரு படம் என்பது கட்டம் போட்ட பெரிய தாள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்ஸல். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. நம் புரோகிராம் குழாயின் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் போகும். இடது பாதியின் சராசரியையும் வலது பாதியின் சராசரியையும் ஒப்பிடும். இடது குறைவு என்றால் காற்று. இடது அதிகம் என்றால் தண்ணீர். எந்த வரியில் மாறுகிறதோ அதுதான் நீர்மட்டம்.

இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் ஒரு லாபம் உண்டு. வெயில் அடித்தால் இரண்டும் சேர்ந்து வெளுக்கும், மஞ்சு வந்தால் இரண்டும் சேர்ந்து மங்கும். எது அதிகம், எது குறைவு என்பது மாறாது. இலவசமாகக் கிடைக்கும் பைத்தான் மொழியும் ஓப்பன்சிவி என்ற தொகுப்பும் இருந்தால் இருபது முப்பது வரிகளில் இதை எழுதிவிடலாம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள், படிக்கும் பிள்ளை யாரிடமாவது இந்தப் பத்தியைக் காட்டுங்கள். நல்ல பிராஜெக்ட்.

120 செ.மீ. குழாய் படத்தில் 1280 பிக்ஸல் நீளத்துக்கு வந்தால், ஒரு பிக்ஸல் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு மீட்டர் விட்டத் தொட்டியில் அது சுமார் முக்கால் லிட்டர். அல்ட்ராசானிக் சென்ஸார் விடியலில் தவறவிட்ட இரண்டு குடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் தொட்டியின் கணக்கு வேண்டுமா? நேராக நிற்கும் உருளை வடிவத் தொட்டியின் சுற்றளவைக் கயிற்றால் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அதை அதே எண்ணால் பெருக்கி, 12,570 ஆல் வகுங்கள். வரும் விடைதான் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. சுற்றளவு 314 செ.மீ. என்றால் 7.8 லிட்டர் வரும்.

இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை

அத்தை வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வைத்து, நேரத்தையும் லிட்டரையும் எக்ஸெல் ஷீட்டில் சேர்த்தேன். ஒரு வாரம் கழித்து வரைபடம் போட்டுப் பார்த்தோம். பகலில் படிக்கட்டு போல் இறங்கியது. குளியல், சமையல், துணி துவைப்பு என்று ஒவ்வொரு படிக்கும் அத்தையே காரணம் சொன்னார். இரவில் எல்லோரும் தூங்கும்போது கோடு தட்டையாக இருக்க வேண்டும். அது லேசாக, ஆனால் எல்லா இரவும் ஒரே மாதிரியாகச் சரிந்துகொண்டிருந்தது.

'நைட்ல யாருப்பா தண்ணி எடுக்குறாங்க?' என்று அத்தை கேட்டார். யாரும் எடுக்கவில்லை. கழிப்பறை ஃப்ளஷ் டேங்கின் அடி வாஷர் தேய்ந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்தாலும் தெரியாத ஒழுக்கு. வாஷரை மாற்றிய அன்றிரவு கோடு தட்டையானது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரத்தில் வெறும் 6 மில்லிமீட்டர் இறங்கினால், ஒரு மீட்டர் விட்டத் தொட்டியில் அது 4.7 லிட்டர். ஒரு நாளைக்கு 19 லிட்டர். பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் வீட்டில் அது 190 லிட்டர். தொட்டி நிறைந்ததா, காலியா என்று மட்டும் சொல்லும் விளக்கு, அலாரம் கருவிகள் இதைக் காட்டிக் கொடுக்காது. எட்டிப் பார்க்கும் கண்ணுக்கும் 6 மில்லிமீட்டர் தெரியாது.

கவனிக்க வேண்டியவை

* தெளிவான குழாயில் வெயில் பட்டால் பச்சைப் பாசி வளரும். கேமரா பார்க்கும் பக்கமும் பலகைப் பக்கமும் தவிர மற்ற பக்கங்களை மூடிவிடுங்கள். மாதம் ஒரு முறை நீளமான பிரஷ் விட்டுக் கழுவுங்கள்.

* தலைக்குந்தா, காந்தல் போல் உறைபனி விழும் இடங்களில் குழாய்த் தண்ணீர் உறையக்கூடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வால்வை மூடிக் குழாயைக் காலி செய்துவிடுங்கள். தொட்டி கூரைக்கு உள்ளே இருந்தால் கவலையில்லை.

* குழாய் வைக்க முடியாத தரைத் தொட்டிகளுக்கு லேசர் முறைதான் என்றால், ஒளி பட்டுத் திரும்ப ஒரு மிதவை கொடுங்கள். உணவுப் பொருள் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா போதும். தெர்மோகோல் உதிர்ந்து தண்ணீரில் கலக்கும், வேண்டாம். மேலே சொன்ன சிப்பின் ஒளி 25 டிகிரி அகலத்துக்கு விரியும். ஒரு மீட்டர் ஆழத்தில் அது 44 செ.மீ. வட்டம். குறுகிய பைப்புக்குள் வைத்தால் பைப்பின் சுவரைத்தான் அளக்கும்.

* லேசர் எதுவானாலும் நீர்ப்பரப்பில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். எரியும்போது தொட்டிக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

* கேமராவின் லென்ஸில் பனித்துளி படிந்தால் எந்தப் புரோகிராமும் உதவாது. காலையில் படம் மங்கலாக வந்தால் முதலில் லென்ஸைத் துடையுங்கள்.

கேமராவும் குழாயும் இன்றே வாங்க வேண்டும் என்பதில்லை. இன்றிரவு 11 மணிக்குத் தொட்டி நீர்மட்டத்தை ஒரு குச்சியால் அளந்து, காலை 5 மணிக்கு யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடியும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால், முதலில் ஃப்ளஷ் டேங்கைத் திறந்து பாருங்கள்.